ஷஃபிளில் பாட்டுக் கேட்கும் நண்பர்களுக்கு



ஆங்கில இண்டி ராக் கேட்கிற தமிழ் இளைஞர்களாகிய உங்களுக்குத்தான் இந்த மடல். உங்கள் ரசனையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சினிமாப் பாட்டு வீடு நிறைய ஒலிக்கிற ஊர்களில் இருந்துகொண்டு, விளம்பரமும் நட்சத்திரமும் இல்லாத குழுக்களை நீங்களாகவே தேடிக் கண்டுபிடிக்கிறீர்கள். அது சின்ன விஷயம் இல்லை. என் குறை நீங்கள் கேட்கும் விதத்தைப் பற்றியது. ஒரு குழுவின் பெயரைச் சொன்னால் உடனே "அந்தப் பாட்டுதானே" என்கிறீர்கள். அந்தப் பாட்டு எந்த ஆல்பத்தில் இருக்கிறது, அதற்கு முன்னால் எது வருகிறது, பின்னால் எது வருகிறது என்று கேட்டால் பதில் இல்லை. பிளேலிஸ்ட் எதைக் கொடுக்கிறதோ அதைக் கேட்கிறீர்கள். இருபது வினாடிக்குள் பிடிக்கவில்லை என்றால் விரல் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது. இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் அறியாமலேயே ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதே என் பதில். இருபது சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டால் நீங்களே சிரிப்பீர்கள். அதை விளக்க எனக்கு ஒரே ஒரு ஆல்பம் போதும்.

சிகாகோவைச் சேர்ந்த வில்கோ என்ற குழுவை உங்களில் பலர் அறிவீர்கள். அங்கிள் டுபெலோ என்ற குழு உடைந்த பிறகு, அதன் மிச்சத்திலிருந்து 1994-ல் ஜெஃப் ட்வீடி உருவாக்கிய குழு அது. நாட்டுப்புறச் சாயல் கொண்ட ராக் வாசிக்கிறவர்கள் என்று பெயர் வாங்கி, மூன்று ஆல்பம் போட்டு, விமர்சகர்களிடம் நல்ல பெயரும் சுமாரான விற்பனையுமாக இருந்தவர்கள். நான்காவது ஆல்பமான 'யாங்கீ ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்'டைச் சிகாகோவில் தங்களுடைய சொந்த மாடி அறையில் பதிவு செய்தார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ட்ரம்மர் மாறினார். கென் கூமர் போய் க்ளென் கோச்சி வந்தார். பாட்டுகளில் பலவற்றை ட்வீடியோடு சேர்ந்து எழுதியவரும் பதிவுக் கருவிகளைக் கையாண்டவருமான ஜே பென்னட், ஆல்பம் முடிந்த கையோடு குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஒலிக்கலவையைக் கடைசியில் ஜிம் ஓ ரூர்க் என்ற வெளியாளிடம் கொடுத்தார்கள். பாட்டுகளின் மேல் அடுக்கடுக்காக ஏற்றி வைத்திருந்த சத்தங்களில் எது வேண்டாம் என்று பார்த்து உருவியெடுப்பதே அவர் முக்கியமாகச் செய்த வேலை. இவ்வளவும் நடந்து முடிந்த ஆல்பத்தை 2001-ல் ரீப்ரைஸ் கம்பெனியிடம் கொடுத்தார்கள். ரீப்ரைஸின் தாய் நிறுவனமான டைம் வார்னர் அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஏஓஎல்லோடு இணைந்திருந்தது. குழுவுக்கு ஆதரவாக இருந்த ரீப்ரைஸ் தலைவர் ஹோவி க்ளைன் அந்த மாற்றங்களுக்கு நடுவே விலகிவிட்டார். மிச்சமிருந்த அதிகாரிகள் ஆல்பத்தைக் கேட்டார்கள். வானொலியில் போட்டு ஓட்டும்படி ஒரு பாட்டுக்கூட இல்லை, சந்தையில் இது எடுபடாது என்பது அவர்களுடைய முடிவின் சாரம். குழு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, பதிவுகளின் உரிமையையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தது.

அடுத்து நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் வேடிக்கையாக இருக்கிறது. முதலில் குறித்திருந்த வெளியீட்டு நாளோ 2001 செப்டம்பர் 11. அன்று ஆல்பமும் வரவில்லை, வந்திருந்தாலும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பாட்டுகள் ஏற்கெனவே திருட்டுத்தனமாகக் கசிந்துகொண்டிருந்தன. கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று செப்டம்பர் 18-ஆம் தேதி முழு ஆல்பத்தையும் குழு தன் இணையதளத்திலேயே இலவசமாக ஒலிக்கவிட்டது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து கேட்டார்கள். கச்சேரிகளில், கடைக்கே வராத ஆல்பத்தின் பாட்டுகளைக் கூடவே பாடினார்கள். நவம்பரில் நான்சச் என்ற கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. அந்த நான்சச்சும் அதே டைம் வார்னரின் கிளைதான்! ஒரு கையால் தூக்கிப் போட்டதை இன்னொரு கையால் காசு கொடுத்து வாங்கியது அந்த நிறுவனம். 2002 ஏப்ரல் 23 அன்று ஆல்பம் கடைக்கு வந்தது. இலவசமாகக் கேட்டு முடித்த ஆல்பத்தை யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு முதல் வாரத்திலேயே விடை கிடைத்தது. 55,000 பிரதிகளுக்கு மேல் விற்று, பில்போர்ட் பட்டியலில் 13-ஆம் இடத்தில் நுழைந்தது. அதுவரை அந்தக் குழு எட்டியிராத இடம் அது.

இந்தக் கதையைக் கேட்கும் எல்லோரும் கம்பெனிக்காரர்களைக் கேலி செய்துவிட்டுப் போய்விடுவார்கள். கேலி செய்வது சுலபம். அவர்கள் என்ன கேள்வி கேட்டார்கள் என்று பார்ப்பதுதான் நமக்கு வேண்டியது. அவர்கள் முட்டாள்கள் இல்லை, இசையை அறிந்தவர்கள். அவர்கள் கேட்ட கேள்வி இதுதான்: இந்தப் பதினொன்றில் எந்தப் பாட்டு தனியாக நிற்கும்? அந்தக் கேள்விக்கு அவர்கள் கண்டுபிடித்த பதிலும் பெரிய தப்பில்லை. வானொலிக்காரர் எடுத்த எடுப்பில் ஓட்டக்கூடிய பாட்டு அதில் அநேகமாக இல்லைதான். கேள்விதான் தப்பு. ஆல்பத்தைக் காப்பாற்றியவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள். இணையதளத்தில் உட்கார்ந்து பதினொரு பாட்டையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டவர்கள். இன்று அந்தக் கம்பெனி அறை உங்கள் கைபேசிக்குள் வந்துவிட்டது. வானொலிக்கு ஏற்ற பாட்டு எது என்று அன்று நாலு பேர் கேட்டார்கள். இருபது வினாடியில் பிடிக்கிற பாட்டு எது என்று இன்று கோடிப்பேர் கேட்கிறீர்கள். நான் சொன்ன நாற்காலி அதுதான். அன்று கம்பெனியின் முடிவைத் திருத்த ரசிகர்கள் இருந்தார்கள். உங்கள் முடிவைத் திருத்த யார் இருக்கிறார்கள்?

தனியாக நிற்கும் பாட்டு நல்ல பாட்டு, மற்றதெல்லாம் ஒப்புக்கு என்று நீங்கள் நினைக்கக்கூடும். இந்த ஆல்பத்திலிருந்தே ஓர் இடத்தைக் காட்டுகிறேன். ஆறாவது பாட்டு 'ஆஷஸ் ஆஃப் அமெரிக்கன் ஃப்ளாக்ஸ்'. மெதுவாக, சோர்ந்த குரலில் போகிற பாட்டு. கடைசியில் பாட்டு முடிந்து நிற்பதில்லை. சத்தமாகக் குலைந்து சரிகிறது. அந்தச் சரிவிலிருந்து துள்ளிக்கொண்டு கிளம்புகிறது ஏழாவது பாட்டான 'ஹெவி மெட்டல் ட்ரம்மர்'. கோடை காலம், இளமை, அப்போது போய்ப் பார்த்த ஹெவி மெட்டல் குழுக்கள் என்று பழைய நாளை நினைத்துச் சிரிக்கிற பாட்டு. தனியாகக் கேட்டால் அது ஜாலியான பாட்டு, அவ்வளவுதான். ஆறாவதைக் கேட்டுவிட்டுக் கேட்டால், இவ்வளவு இடிந்துபோன ஒருவன் எதற்காக இப்போது பழைய சந்தோஷத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்று தோன்றும். அந்தச் சிரிப்பில் ஒரு கசப்பு ஒட்டிக்கொள்ளும். கசப்பு ஆறாவது பாட்டிலும் இல்லை, ஏழாவதிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இது என் கற்பனை இல்லை. சாம் ஜோன்ஸ் எடுத்து 2002-ல் வந்த கறுப்பு வெள்ளை ஆவணப்படத்தில் ட்வீடியும் பென்னட்டும் மிக்ஸிங் மேசையருகே வாக்குவாதம் செய்யும் காட்சி ஒன்று இருக்கிறது. சண்டை எதைப் பற்றி என்றால், இந்த இரண்டு பாட்டுகளுக்கும் நடுவே உள்ள சில வினாடிகளைப் பற்றி! ஒன்றிலிருந்து மற்றதற்கு எப்படிக் கடப்பது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பேச்சு முற்றி, ட்வீடி எழுந்து போய் வாந்தி எடுக்கிறார். நட்பு முறிகிற அளவுக்கு இரண்டு பெரிய மனிதர்கள் மல்லுக்கட்டிய அந்தச் சில வினாடிகள் ஷஃபிளில் உங்களுக்குக் கேட்கவே கேட்காது. அதன் இடத்தில் வேறு ஏதோ ஒரு குழுவின் ஏதோ ஒரு பாட்டின் தொடக்கம் இருக்கும்.

ஆல்பத்தின் கடைசிக்கு வாருங்கள். பத்தாவது பாட்டு 'புவர் பிளேசஸ்'. அதன் முடிவில் சிற்றலை வானொலியிலிருந்து எடுத்த ஒரு பெண் குரல் ஒரே மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆல்பத்தின் பெயரே அந்த மூன்று சொற்கள்தான். உளவாளிகளுக்கு ரகசியச் செய்தி அனுப்பப் பயன்பட்டவை என்று கருதப்படும் 'எண் நிலைய'ப் பதிவுகளின் தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்தது. அனுமதி வாங்காமல் எடுத்ததால் வழக்காகி, பிறகு சமரசத்தில் முடிந்தது தனிக்கதை. அந்தக் குரல் யாரிடம் பேசுகிறது என்று தெரியாது. பதில் வருமா என்பதும் தெரியாது. சுற்றிலும் இரைச்சல் ஏறிக்கொண்டே போய் அந்தக் குரலை விழுங்கப் பார்க்கிறது. அது ஓய்ந்ததும் 'ரிசர்வேஷன்ஸ்' தொடங்குகிறது. கிட்டத்தட்ட மூச்சுவிடும் சத்தத்தில் பாடுகிற பாட்டு. ஏழு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. அதில் பெரும்பகுதிக்குக் குரலே இல்லை, பியானோவும் ரீங்காரமும் மெல்லக் கரைவது மட்டும்தான். இதைப் பிளேலிஸ்டில் நடுவே வைத்தால் யாராக இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். நானே தள்ளிவிடுவேன். ஆனால் ஆல்பம் முழுக்க ஒருவர் இன்னொருவரிடம் எதையோ சொல்ல முயன்று, சொல் போய்ச் சேராமல் இரைச்சலில் மாட்டிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே வந்தவருக்கு, இரைச்சல் எல்லாம் அடங்கிய பிறகு கிடைக்கிற அந்த நீண்ட அமைதி வெறும் வால் இல்லை. அதற்காகத்தான் பத்துப் பாட்டையும் கடந்து வந்திருக்கிறார்.

நண்பர்களே, இதைப் புரிந்துகொள்ளத் தமிழ்க் காதுக்குச் சிரமமே இருக்கக் கூடாது. 'சிச்சுவேஷன்' என்ற சொல் நம் ஊர் டீக்கடை வரைக்கும் புழங்குகிறது. இயக்குநர் சிச்சுவேஷன் சொல்வார், இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார், கவிஞர் எழுதுவார். பாட்டு எங்கே வருகிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும் என்பது நமக்கு அரிச்சுவடி. ஒரே மெட்டு சந்தோஷத்தில் ஒருமுறையும் சோகத்தில் ஒருமுறையும் வந்தால் இரண்டையும் வேறுவேறு பாட்டாகக் கேட்கத் தெரிந்தவர்கள் நாம். சினிமாப் பாட்டைத் தனியாக வானொலியில் கேட்கும்போதும் படம் நம் நினைவில் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் படம் அதன் சிச்சுவேஷன். ராக் ஆல்பத்தில் படம் கிடையாது. அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்துப் பாட்டுகள்தான் சிச்சுவேஷன். பக்கத்துப் பாட்டை எடுத்துவிட்டால், படமே பார்க்காமல் படப்பாட்டைக் கேட்பது போல ஆகிவிடுகிறது. கச்சேரிக்குப் போகிறவர்களுக்கும் இது தெரியும். வர்ணத்தில் தொடங்கி, மெல்லச் சூடேறி, பிரதான உருப்படிக்கு வந்து, துக்கடாவில் இறங்கி மங்களத்தில் முடிக்கிற அமைப்பு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்தில் நிலைபெற்றது. துக்கடா பிடிக்கும் என்பதற்காக அதையே ஆறு மணிக்குப் பாடச் சொல்லிச் சீட்டு அனுப்பினால் பக்கத்து இருக்கைக்காரர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார். இவ்வளவு பழக்கம் உள்ள நாம் வேற்று ஊர் ஆல்பத்தை மட்டும் உதிரிப் பாட்டாகத்தான் கேட்போம் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

உங்களில் படித்தவர்கள் ஒரு வலுவான மறுப்பைச் சொல்வீர்கள். ஆல்பம் என்பது புனிதமான வடிவமா என்ன? 1948-ல் கொலம்பியா கம்பெனி நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் எல்பி தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் கொள்ளும் என்பதால் பாட்டுகளைச் சேர்த்து விற்றார்கள். தட்டின் அளவு தீர்மானித்ததைக் கலை வடிவம் என்று தூக்கிப் பிடிப்பானேன்? தட்டும் போயிற்று, சிடியும் போயிற்று, அந்த வடிவமும் போகட்டுமே! மறுப்பு நியாயமானதுதான். ஆனால் இதே தராசில் தனிப்பாட்டையும் வைத்துப் பாருங்கள். மூன்று நிமிடப் பாட்டு எங்கிருந்து வந்தது? அதற்கு முந்தைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் கொள்ளும். நம் வித்வான்களும் விஸ்தாரமான கீர்த்தனைகளை அந்த அளவுக்கு நறுக்கிப் பாடி வைத்திருக்கிறார்கள். ஆக, தனிப்பாட்டு இயற்கையில் விளைந்தது, ஆல்பம் மட்டும் வியாபாரிகள் கட்டியது என்று சொல்ல முடியாது. இரண்டும் தட்டில் பிறந்தவைதான். ஒரு வடிவம் எதனால் பிறந்தது என்பதைவிட, அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதல்லவா கேட்க வேண்டியது? எல்பி வந்த சில ஆண்டுகளில் கலைஞர்கள் அந்த நாற்பது சொச்சம் நிமிடத்துக்குள் எதை எதற்கு அடுத்து வைப்பது, ஒரு பக்கத்தை எங்கே முடிப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். 'யாங்கீ ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' வரும்போது எல்பிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்த ஆல்பம் பெரும்பாலும் சிடியாகத்தான் விற்றது. தட்டு கட்டாயப்படுத்தாத காலத்திலும் பாட்டின் வரிசைக்காக அடித்துக்கொண்டார்கள் என்றால், அதற்குள் அது தட்டின் தேவையைத் தாண்டிக் கலைஞர்களின் தேவையாகிவிட்டது என்று பொருள்.

இன்னொரு மறுப்பு எனக்கு இன்னும் சங்கடமானது. ஆல்பங்களில் பாதி குப்பை என்கிறீர்கள். ஒரு நல்ல பாட்டு, அதற்குத் துணையாகப் பத்து ஒப்பேற்றுப் பாட்டு. 90-களில் அமெரிக்கக் கம்பெனிகள் தனிப்பாட்டுத் தட்டுகளைக் குறைத்துவிட்டு, ஒரு பாட்டு வேண்டும் என்றாலும் முழு சிடியை வாங்கு என்று ரசிகர்களின் பையைக் காலி செய்தன. 2003 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்றபோது ஜனங்கள் விடுதலை கிடைத்தது போல ஓடினார்கள். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஒப்பேற்றுப் பாட்டால் நிரப்பிய ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள் என்று நான் உங்களைக் கேட்கவில்லை. அதைப் பிய்த்துப் போட்டுக் கேட்பதே அதற்குத் தகும். ஆனால் எது நிரப்பியது, எது கட்டியது என்று முழுதாக ஒருமுறையாவது கேட்காமல் எப்படிச் சொல்வீர்கள்? 2022-ல் வில்கோவின் இந்த ஆல்பத்துக்குப் பெரிய சிறப்புப் பதிப்பு ஒன்று வந்தது. பழைய பதிவுகளைத் தொகுத்ததற்கான கிராமி விருதும் அடுத்த ஆண்டு அதற்குக் கிடைத்தது. எட்டு சிடிகள். அதே பாட்டுகள் வேறு வேகத்தில், வேறு கருவிகளில், சில அடையாளமே தெரியாத உருவத்தில் அதில் கிடக்கின்றன. சேர்க்காமல் விட்ட பாட்டுகளும் உண்டு. அவற்றில் சில, ஆல்பத்தில் உள்ளவற்றைவிட எடுத்தவுடன் மனதில் ஒட்டுகின்றன. ஆனாலும் விட்டுவிட்டார்கள். நிரப்புவதற்குப் பாட்டுத் தேடியவர்கள் செய்கிற காரியமா இது?

கேட்கும் சுதந்திரம் என்னுடையது, அதில் கலைஞன் எதற்குத் தலையிட வேண்டும் என்பவர்களும் உங்களில் உண்டு. கேசட்டில் பிடித்த பாட்டுகளைப் பதிந்து நண்பர்களுக்குக் கொடுத்த காலமும் இருந்ததே என்பார்கள். இருந்தது, நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தக் கேசட்டைப் பதிந்தவர் முழு ஆல்பங்களையும் கேட்டவர். 'ஏ' பக்கத்தில் எதை முதலில் வைப்பது, எதோடு முடிப்பது என்று மணிக்கணக்கில் யோசித்தவர். அவரும் வரிசையை மதித்தவர். தன் வரிசையைப் போட்டார், அவ்வளவுதான். ஷஃபிளுக்கு வரிசையே கிடையாது. உங்களுக்குக் கிடைத்திருப்பதாக நீங்கள் நினைக்கும் சுதந்திரத்தில் பாதி, செயலியின் சுதந்திரம். அடுத்து எது வரும் என்று நீங்கள் தீர்மானிக்கவில்லை, அது தீர்மானிக்கிறது. கலைஞர்கள் இதை எதிர்த்துப் பேசாமலும் இல்லை. 2010-ல் பிங்க் ஃபிளாய்ட் தங்கள் ஆல்பங்களைப் பிரித்து இணையத்தில் தனித்தனிப் பாட்டாக விற்கக் கூடாது என்று இஎம்ஐ கம்பெனியை லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு இழுத்து வென்றார்கள். (வென்றவர்களே அடுத்த ஆண்டு கம்பெனியோடு புது ஒப்பந்தம் போட்டுத் தனித்தனியாக விற்கச் சம்மதித்துவிட்டார்கள். சந்தையின் இழுப்பு அப்படி.) 2021 நவம்பரில் அடேல் கேட்டுக்கொண்டதன் பேரில், ஆல்பம் பக்கத்தில் இயல்பாக வைத்திருந்த ஷஃபிளை ஸ்பாட்டிஃபை எடுத்தது. உலகிலேயே அதிகம் விற்கும் பாடகிகளில் ஒருவர் கேட்டுத்தான், பாட்டை வைத்த வரிசையில் கேட்கும் வாய்ப்பு ரசிகருக்கு முதல் பொத்தானாக வந்தது. சின்ன இண்டி குழு கேட்டிருந்தால் யார் செவிசாய்த்திருப்பார்கள்?

உங்கள் விரல் தாவுவதால் பாதிக்கப்படுவது பழைய ஆல்பம் இல்லை. அது வந்துவிட்டது, யாரும் அதை அழிக்க முடியாது. இனி எழுதப்படப்போகிற பாட்டைத்தான் அது மாற்றுகிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முப்பது வினாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டியே கிடையாது என்றும் விதி வந்துவிட்டது. இந்த விதிகளை வைத்துக்கொண்டு 'யாங்கீ ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்'டின் முதல் பாட்டைப் பாருங்கள். ஏறத்தாழ ஏழு நிமிடம். முதல் முப்பது வினாடியில் ரீங்காரம், தயங்கித் தயங்கி வரும் தாளம், எங்கோ மணியடிப்பது போன்ற சில்லறைச் சத்தங்கள். குரல் இன்னும் வந்திருக்காது. அடுத்த ஏப்ரலில் ஆல்பம் போடப்போகிற இருபத்து மூன்று வயதுக் குழு ஒன்று இப்படித் தொடங்கத் துணியுமா? துணிந்தாலும் அவர்களை யார் தடுப்பார்கள் தெரியுமா? கம்பெனி அதிகாரி இல்லை. அந்தக் குழுவே தன் கைபேசியில் பார்க்கும் கணக்கு. எந்தப் பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள் என்பது அதில் வந்துவிடும். அடுத்த பாட்டில் முன்னுரையை வெட்டிவிட்டு நேராகப் பல்லவிக்கு வருவார்கள். கடைசியில் அப்படி ஒரு நீண்ட அமைதியை வைக்கவும் மாட்டார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாடகை கட்ட வேண்டியவர்கள். வில்கோவுக்கு அன்று தன் மாடி அறையில் கம்பெனிக் காசில் மாதக்கணக்கில் தடுமாற நேரம் கிடைத்தது. 2011 முதல் சொந்தக் கம்பெனி வைத்து ஆல்பம் போடுகிற அளவுக்கு நிலைத்து நின்றுவிட்டார்கள். இன்று தொடங்குகிறவர்களுக்கு அந்தத் தடுமாற்றத்துக்கு இடம் கொடுக்கக்கூடியவர் ரசிகர் ஒருவர்தான். அதுவும் பணத்தால் அல்ல, பொறுமையால்.

நேரமில்லை என்கிற பதிலை நான் ஏற்க மாட்டேன். இந்த ஆல்பம் மொத்தமே ஏறத்தாழ 52 நிமிடம். நம் படங்களில் இடைவேளை வருவதற்குள் இதை ஒருமுறை கேட்டு முடித்துவிடலாம். ஆங்கில வரிகள் புரியவில்லை என்றால் அதற்கும் பயப்பட வேண்டியதில்லை. ட்வீடியின் வரிகள் ஆங்கிலமே தாய்மொழியானவர்களுக்கும் பாதிதான் புரிகின்றன. மீதியைக் குரலும் சத்தமும் சொல்லிவிடுகின்றன. பிளேலிஸ்டையே தொடாதீர்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. உங்களில் பலருக்கு வில்கோவை அறிமுகப்படுத்தியதே ஏதோ ஒரு பிளேலிஸ்டில் வந்த 'ஜீசஸ், எட்செட்ரா'வாக இருக்கும். அழகான வயலினோடு வரும் பாட்டு, யாருக்கும் பிடித்துப்போகும். வாசலுக்குக் கூட்டிவந்ததற்காகப் பிளேலிஸ்டுக்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே போங்கள் என்கிறேன். அதன் பின்னால்தான் அந்த ஆறாவது பாட்டு காத்திருக்கிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த ஆல்பத்திலிருந்து வந்தது என்று பாருங்கள். ஷஃபிளை அணைத்துவிட்டு, ஒரு பாட்டையும் தாவாமல், முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை கேளுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை, பிறகு மூன்றாவது முறை. முதல் தடவையில் சலித்த பாட்டு எது, அது மூன்றாவது தடவையில் என்ன ஆயிற்று என்று கவனியுங்கள். நண்பருக்கு அனுப்பும்போது பாட்டின் இணைப்பை அனுப்பாமல் ஆல்பத்தின் இணைப்பை அனுப்புங்கள்; எங்கே கவனிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது. உங்கள் ஊரில் சொந்தமாகப் பாட்டெழுதி ஆல்பம் போடும் குழு ஏதாவது இருந்தால் இதே மூன்று தடவையை அவர்களுக்கும் கொடுங்கள். அவர்களிடம் "அந்த ஒரு பாட்டு சூப்பர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நான்காவது பாட்டை ஏன் ஐந்தாவதுக்கு முன்னால் வைத்தீர்கள் என்று கேளுங்கள். மூன்று முறை கேட்ட பிறகும் ஆல்பம் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். எந்த இடத்தில் அது உங்களைக் கைவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.